ஆலைச் சங்கு கேட்கும் தூரம்: நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு நிலம்

கரும்பை வெட்டிச் சாய்த்த நேரத்திலிருந்தே அதிலிருக்கும் சர்க்கரை குறையத் தொடங்கிவிடும். வெட்டுவாய் வழியாக பாக்டீரியா நுழையும். கரும்புக்குள்ளேயே இருக்கும் நொதிகள் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். உடைந்ததும் இனிக்கத்தான் செய்யும், ஆனால் படிகமாகாது. மொலாசஸ் என்னும் கழிவுப் பாகோடு சேர்ந்து போய்விடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்த கரும்பின் சாறு கொழகொழவென்று ஆகி, ஆலையில் பாகு காய்ச்சுகிறவரையும் திண்டாட வைக்கும். நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம், மணிலாவை, அதாவது நிலக்கடலையை, காயவைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். கரும்பில் அந்த வசதி கிடையாது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போயாக வேண்டும்.

நெல்லிக்குப்பத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும். ஆலை எங்கே வந்தது, கரும்பு எதுவரை போனது, எந்தப் பாதை அகலமானது, எந்த மாதத்தில் ஊரில் பணம் புழங்குகிறது என எல்லாமே அந்த 24 மணி நேரத்துக்குள் அடங்கியவை.

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நெல்லிக்குப்பம் வந்துவிடும். ரயிலில் போனால் திருப்பாதிரிப்புலியூர், வரக்கால்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி என்று வரிசை. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இரண்டும் மேற்கிலிருந்து வந்து கடலூரை ஒட்டிக் கடலில் சேர்கின்றன. நடுவில் இருக்கும் நிலம் இந்த இரண்டு ஆறுகளும் வெள்ளத்தில் கொண்டுவந்து போட்ட வண்டல். அப்பர் பாடிய திருவதிகை வீரட்டானம் இதே கெடிலக் கரையில்தான் இருக்கிறது. ஆலை வருவதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் உழவும் இருந்த பூமி இது.

ஆனால் வண்டல் எல்லாம் ஒரே வண்டல் இல்லை. பெண்ணைக் கரையை ஒட்டிய நிலம் மணல் கலந்தது. தண்ணீர் நிற்காது, வேர் நன்றாக இறங்கும்; வாரம் தவறாமல் பாய்ச்ச வேண்டும், வேர்ப்புழுத் தொல்லையும் அதிகம். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உள்ள தாழ்ந்த பகுதி களி. கரும்பு தடித்து வளரும், எடை நிற்கும். மழைக்காலத்தில் தண்ணீர் வடியாவிட்டால் வேர் மூச்சு முட்டிப் பயிர் மஞ்சளாகும். கெடிலத்தைத் தாண்டித் தெற்கே போனால் கேப்பர் மலை, மேற்கே போனால் பண்ருட்டிச் செம்மண். அங்கே முந்திரியும் பலாவும்தான் ராஜா. செம்மண் மேட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கரும்பு வைத்தவர்கள் உண்டு. சொட்டுநீர் இல்லாமல் அது கட்டுப்படியாகாது. கடலை நோக்கிக் கிழக்கே போகப் போகக் கிணற்று நீரில் உப்பு ஏறும். உப்புத் தண்ணீரில் கரும்பு வளரும், ஆனால் சாற்றின் தரம் கெடும்; அதில் காய்ச்சிய வெல்லம் கரித்து, சீக்கிரம் கசிந்துவிடும்.

ஆலை இங்கே வந்ததற்கு இந்த நிலம்தான் காரணம். ஆற்றுத் தண்ணீர், சுற்றிலும் வெல்லம் காய்ச்சும் ஊர்கள், ஒரு மாட்டுவண்டி தூரத்தில் கடலூர்த் துறைமுகம். 1788-இல் சென்னையில் தாமஸ் பாரி தொடங்கிய வணிக நிறுவனம் 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை நிறுவியது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை இதுவே என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. இப்போது நாம் பார்ப்பது போல டிரெய்லர் டிரெய்லராகக் கரும்பு வந்து இறங்கிய ஆலை அல்ல அது. அந்தக் காலத்தில் ஊரில் காய்ச்சிய வெல்லத்தை வாங்கி, கரைத்து, சுத்தம் செய்து வெள்ளைச் சர்க்கரையாக்குவதுதான் பெரிய வேலை. பனைவெல்லமும் அதில் அடக்கம். கூடவே சாராயம் வடிக்கும் ஆலையும் இருந்தது. 1897-இல் உருவான நிறுவனத்தின் பெயரிலேயே 'டிஸ்டில்லரீஸ்' முன்னால் நிற்கிறது. நிறுவனத்தின் இன்றைய பெயரான இ.ஐ.டி. பாரி என்பதில் உள்ள டி அதுதான்.

இந்த மாற்றத்தைக் கவனித்தால் ஊரின் வடிவம் மாறியதும் புரியும். வெல்லம் கெடாது, எவ்வளவு தொலைவிலிருந்தும் வண்டியில் வரலாம். ஆலை வெல்லத்தை நம்பியிருந்தவரை கரும்பு எங்கே விளைந்தாலும் ஒன்றுதான், ஊருக்கு ஊர் கொட்டகையில் காய்ச்சினார்கள். நேரடியாகக் கரும்பை அரைக்கத் தொடங்கியதும்தான் 24 மணி நேரக் கணக்கு வந்தது. கொட்டகைகள் குறைந்தன, ஆலையைச் சுற்றிய நன்செய்களில் நெல்லுக்குப் பதில் கரும்பு ஏறியது. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இதையே சட்டமாக்கியது: ஒவ்வோர் ஆலைக்கும் ஒதுக்கப்பட்ட பகுதி உண்டு. பின்னாளில் சேர்த்த திருத்தப்படி ஓர் ஆலைக்கும் இன்னொன்றுக்கும் இடையே குறைந்தது 15 கிலோமீட்டர் இருக்க வேண்டும். 1981-இல் பாரி நிறுவனம் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. 1993-இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து கடலூர் மாவட்டம் ஆனது. கரும்புக்காரருக்கு இந்த இரண்டாவது மாற்றத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மாவட்டத்தைவிட ஆலையின் கோட்ட அலுவலகம்தான் முக்கியம்.

ரகத்தின் கதை தனி. கோயம்புத்தூரில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. தடித்த நாட்டுக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் உருவாக்கிய கோ 205 வட இந்தியக் கரும்பையே மாற்றியது. இந்தப் பக்கத்துக்கு வேண்டியது வேறு: வெள்ளம் தாங்க வேண்டும், செவ்வழுகல் என்னும் பூஞ்சாண நோயைத் தாங்க வேண்டும். அதற்குக் கடலூரிலேயே ஒரு கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'கோ.க.' என்று தொடங்கும் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. அவற்றில் கோ.க. 671 பேர் பெற்றது. சர்க்கரைச் சத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆலைக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் கடலோர நிலங்களில் செவ்வழுகல் அதைத் துடைத்துப் போட்டது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பகுதி நிற்கும் கோ 86032-க்குத் தாய்தந்தையரில் ஒன்று அந்த 671தான். ஒரே ரகத்தை வட்டாரம் முழுக்க நட்டால் என்ன ஆகும் என்பதை 671 காட்டிவிட்டது. 86032 விஷயத்திலும் அதே தவறு நடந்துகொண்டிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

செவ்வழுகலை அடையாளம் காணும் விதம்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு கரும்புக் குடும்பத்தை நொடிக்க வைக்கும் நோய் இது ஒன்றுதான்.

வயலில் நடந்து போகும்போது உச்சியிலிருந்து மூன்றாவது நான்காவது இலை மட்டும் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மஞ்சளாகிக் காய்ந்திருக்கும். தண்ணீர்ப் பற்றாக்குறை என்றால் கீழ் இலைதான் முதலில் போகும். இரும்புச்சத்துக் குறை என்றால் குருத்து இலைகள் நரம்பைத் தவிர வெளுத்து, பாத்தி பாத்தியாகத் தெரியும். நடு இலை மட்டும் மஞ்சளானால் சந்தேகப்பட வேண்டும். அந்தத் தூரில் ஒரு கரும்பை அடியோடு வெட்டி, கத்தியால் நெடுக்கே பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே சதை சிவந்திருக்கும். அந்தச் சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் விட்டுவிட்டு ஓடும். முகர்ந்தால் புளித்த கள் வாடை. சிவப்பு மட்டும் இருந்து குறுக்கே வெள்ளை இல்லையென்றால் துளைப்பான் புழு ஏறிய இடமாகவும் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம். வெள்ளைத் திட்டும் வாடையும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே இல்லை.

மருந்தடித்துக் குணமாக்கும் நோய் அல்ல இது. பூஞ்சாணம் தண்டுக்குள்ளே இருக்கிறது. மேலே எதைத் தெளித்தாலும் போய்ச் சேராது. அந்தத் தூரை வேரோடு தோண்டி எடுத்து, வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, குழியில் லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் கலந்த தண்ணீரை ஊற்றுவார்கள். அது பக்கத்துத் தூருக்குப் பரவுவதைக் குறைக்கும், அவ்வளவே. பாதித்த வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாமல் மடையைக் கட்ட வேண்டும். இந்த வேலையைப் பாதிப் பேர் செய்வதில்லை. வெள்ளக் காலத்தில் செய்யவும் முடியாது. ஆகவே தாழ்ந்த களி நிலத்தில் ஒருவர் வயலில் வந்தால் வாய்க்கால் வரிசையில் கீழே இருக்கும் அத்தனை பேரும் தங்கள் கரும்பைப் பிளந்து பார்த்தாக வேண்டும். நோய் வந்த வயலில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்தே மீண்டும் முளைக்கும் பயிர்) விடவே கூடாது. முற்றும்வரை காத்திராமல் ஆலையிடம் சொல்லி முன்கூட்டியே வெட்டிக்கொண்டு, அடுத்து ஒரு போகமாவது சேறு கலக்கி நெல் வைக்க வேண்டும்.

நோய் புது வயலுக்குள் நுழைவது பெரும்பாலும் கரணை (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு) வழியாகத்தான். பக்கத்து வயலில் வெட்டும்போது மிச்சமான முற்றிய கரும்பை விதைக்கு வாங்குவது மலிவு. அதில்தான் எல்லாம் வருகிறது. விதைக்கென்று தனியாக வளர்த்த 6, 7 மாதக் கரும்பைத்தான் எடுக்க வேண்டும். கரணை வெட்டும்போது வெட்டுவாயில் சிவப்பு தெரிந்தால் அந்தக் கரும்பை முழுதாகத் தள்ளிவிட்டு, கத்தியையும் தீயில் காட்டிக்கொள்வது நல்லது. 10 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கார்பன்டசிம், 100 கிராம் யூரியா கலந்து 15 நிமிடம் ஊறவைத்து நடுவது வழக்கம். மேலே ஒட்டியிருப்பதைத்தான் அது கொல்லும், உள்ளே இருப்பதை அல்ல.

எப்போது நடுவது

முன்பட்டம் மார்கழி, தை. நடுப்பட்டம் பிப்ரவரி, மார்ச். பின்பட்டம் ஏப்ரல், மே. இவை போக ஆனி, ஆடியில் தனிப்பட்டம். புத்தகப்படி எல்லாமே நடலாம். ஆனால் இந்த வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் பெண்ணையும் கெடிலமும் ஒருசேர வரும். உள்ளூரில் மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி வருகிறது. மேலே கொட்டினால் சாத்தனூரைத் திறந்தாக வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது அப்படித்தான் ஆனது: அணையில் லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள், கரையோரம் முழுக்க முங்கியது. 2015-லும் 2021-லும் வெள்ளம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். அன்று சாய்ந்த முந்திரியையும் பலாவையும் எல்லோரும் பேசினார்கள், படுத்த கரும்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெள்ளம் வரும்போது கரும்பு எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. பின்பட்டத்தில் நட்ட கரும்புக்கு அப்போது 6 மாதம் தான். குருத்து முங்கினால் அழுகிவிடும். தனிப்பட்டம் என்றால் இன்னும் மோசம். முன்பட்டக் கரும்பு 10 மாதத்தை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். முங்காது, ஆனால் காற்றில் படுக்கும். படுத்த கரும்பு மண்ணைத் தொட்ட கணுவில் வேர்விடும், அங்கிருக்கும் மொட்டான பரு முளைக்கும், எலி கடிக்கும், சர்க்கரை இறங்கும். படுப்பதைத் தடுக்க வழி உண்டு, முங்குவதைத் தடுக்க வழி இல்லை. ஆகவே தாழ்ந்த நிலத்துக்கு முன்பட்டம், மேட்டு நிலத்துக்கு நடுப்பட்டம் என்று வைத்துக்கொள்வது தேவலை.

படுக்காமல் இருக்க மண் அணைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. நட்ட 45-ஆம் நாள் லேசாக, 90-ஆம் நாள் முழுதாக. முழு அணைப்பில் சால் பாராகவும் பார் சாலாகவும் மாறிவிட வேண்டும். கரும்பு நிற்கும் இடம் மேடாக, நடுவில் வாய்க்காலாக. அந்த வாய்க்கால்தான் ஐப்பசியில் வடிகால். 5-ஆம் மாதமும் 7-ஆம் மாதமும் சோகை (காய்ந்த இலை) உரித்து, 7-ஆம் மாதம் விட்டம் கட்ட வேண்டும்: எதிரெதிர் வரிசைக் கரும்புகளை அவற்றின் சோகையாலேயே சேர்த்து, கூரை மாதிரி கட்டுவது. பச்சை இலையைச் சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிற பிழை. குருத்து வெளிச்சம் கிடைக்காமல் குன்றும். காய்ந்த சோகையை மட்டும் முறுக்கிக் கட்ட வேண்டும். கூலி ஆள் கிடைக்காத காரணத்தால் இந்த வேலையை விட்டுவிடுகிறவர்கள்தான் கார்த்திகையில் வருந்துகிறார்கள்.

நடவு முறை இரண்டு. இருபருக் கரணை என்றால் ஏக்கருக்குச் சுமார் 30,000 வேண்டும். மூன்று, நான்கு டன் விதைக் கரும்பு அதிலேயே போய்விடும். ஒருபரு நாற்று என்றால் 5,000 போதும். பருவை மட்டும் சீவி எடுத்து, 50 குழித் தட்டில் தென்னைநார்க் கழிவு போட்டு வைத்து, ஒரு மாத நாற்றாக 5 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடுவது. தட்டுகளை அடுக்கி பாலித்தீன் போட்டு மூடி ஒரு வாரம் வைத்தால் முளைப்பு ஒரே சீராக வரும். அதற்கு மேல் மூடி வைத்தால் வெளிறி நீண்டு ஒடியும். 5 அடி இடைவெளியைப் பார்த்தால் நிலம் வீணாவது போலத் தோன்றும். நான்காவது மாதம் அந்தத் தோற்றம் போய்விடும். சொட்டுநீர்க் குழாய்க்கும், ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அறுவடை இயந்திரத்துக்கும் அந்த இடைவெளிதான் சரி. சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று தமிழ்நாட்டில் கிடைக்கிறது.

உரத்தில் ஒரே ஒரு விஷயம். மொத்தத் தழைச்சத்து ஹெக்டேருக்கு 270 முதல் 300 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக இட்டுவிட்டு, யூரியாவையும் பொட்டாஷையும் 30, 60, 90-ஆம் நாள்களில் மூன்றாகப் பிரித்துக் கொடுத்து முடித்துவிட வேண்டும். நான்கு மாதத்துக்கு மேல் யூரியா போட்டால் பச்சை கட்டும், நீர்ப்போத்து என்னும் பிந்திய வீண் தண்டு கிளம்பும், கரும்பு தண்ணீராக இருக்கும். ஆனால் எடை ஏறும். இதில்தான் சிக்கல். ஆலை கொடுக்கும் விலை ஒவ்வொருவர் கரும்பின் இனிப்புக்கும் தனித்தனியாக அல்ல, ஆலையின் சராசரிக் கட்டுமானத்துக்கு, அதாவது அரைத்த கரும்பில் நூற்றுக்கு எவ்வளவு சர்க்கரை கிடைத்தது என்பதற்கு. ஒருவர் நன்றாக முற்றவைத்து இனிப்பாகக் கொண்டுபோனாலும், தண்ணீர்க் கரும்பு கொண்டுபோனவருக்கும் அவருக்கும் டன்னுக்கு ஒரே பணம். எல்லோரும் எடையைத் துரத்தினால் கட்டுமானம் இறங்கும், அடுத்த ஆண்டு எல்லோருக்கும் விலை இறங்கும். முறையே இப்படி இருக்கும்போது விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு, டிரைக்கோகிராம்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவி ஏறிய முட்டை அட்டை நல்ல பலன் தரும். 4-ஆம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை, ஆறு முறை. அட்டையைச் சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் கட்ட வேண்டும். உச்சி வெயிலில் கட்டினால் காய்ந்துவிடும். தூரில் கட்டினால் எறும்பு தின்றுவிடும். கட்டிய வாரத்தில் மருந்தடித்தால் காசு வீண்.

வெட்டு உத்தரவு முதல் எடைச்சீட்டு வரை

நட்டவுடன் ஆலையின் கோட்ட அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும். நட்ட தேதி, ரகம், சர்வே எண், பரப்பு. அந்தத் தேதிதான் பின்னால் கட்டிங் ஆர்டருக்கு, அதாவது வெட்டு உத்தரவுக்கு, வரிசை. பதிவைத் தள்ளிப்போட்டால் முற்றிய கரும்பு வயலில் நின்று பூத்து, உள்ளே சக்கையாகிப் போகும்.

முற்றியதா என்று பார்க்க, சாற்றின் இனிப்பை அளக்கும் கையடக்க பிரிக்ஸ் மானி போதும். ஒரே கரும்பின் நுனிப்பகுதிச் சாற்றையும் அடிப்பகுதிச் சாற்றையும் பார்க்க வேண்டும். அடியில் 20, நுனியில் 14 என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும்போது முற்றியது. அடியில் குறைந்து நுனியில் கூடினால் தாண்டிப்போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் பார்க்காமல் வரப்போரக் கரும்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வரப்போரம் எப்போதும் முன்னால் முற்றும். வெட்டுக்கு இரண்டு வாரம் முன்பே பாய்ச்சலை நிறுத்திவிட வேண்டும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் அடிக்கட்டை. சர்க்கரை அதிகம் இருப்பது தரையை ஒட்டிய கணுக்களில். குனிந்து வெட்ட அலுப்புப்பட்டு இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் என்ன ஆகும்? ஏக்கரில் 35,000 கரும்பு, ஒன்று 1.2 கிலோ, உயரம் 8 அடி என்று வைத்தால் இரண்டு அங்குலத்துக்கு 25 கிராம். மொத்தம் 875 கிலோ. கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய் வயலிலேயே நிற்கிறது. அது மட்டுமா, விட்ட கட்டையின் மேல்கணுவிலிருந்து முளைக்கும் மறுதாம்புக்கு வேர்ப்பிடிப்பு இருக்காது, அடுத்த கார்த்திகையில் முதலில் சாய்வது அதுதான். மேஸ்திரியிடம் முதல் நாளே இதைப் பேசிவிட வேண்டும். டன் கணக்கில் கூலி பேசும்போது வெட்டும் ஆளுக்கு வேகம்தான் முக்கியம். பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

நுனிக் கொழுந்தைச் சரியாகக் கழிக்காவிட்டால் ஆலையில் சோகைக் கழிவு என்று எடையில் பிடிப்பார்கள். டிராக்டர் வரும் நேரம் தெரியாமல் முதல் நாளே முழு வயலையும் வெட்டிப் போடுவது பெரிய நஷ்டம். கரும்பு நாளுக்கு நாள் எடை குறையும், அது விவசாயியின் கணக்கில்தான் போகும். வண்டி உறுதியான பிறகு அந்த வண்டிக்கு வேண்டிய அளவு மட்டும் வெட்டுவதே சரி. எடைச்சீட்டை அன்றே வாங்கி, நிறை எடை, வெறும் வண்டி எடை, கழிவு மூன்றையும் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டால் 355 ரூபாய். 9.5-ம் அதற்குக் கீழும் இருந்தால் 329 ரூபாய் 5 காசு. அதாவது டன் 3,290 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டு ஆலைகளில் பல இந்தக் கீழ்ப்படியில்தான் நிற்கின்றன. மாநில அரசின் ஊக்கத்தொகை தனி. 2024-25 பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய். கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்க எடைச்சீட்டும் பதிவுச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

வெட்டியதும் சோகையைக் கொளுத்துவது இங்கே பழக்கமாகிவிட்டது. பளிச்சென்று சுத்தமான வயல், அடுத்த வேலைக்குத் தயார். ஆனால் மறுதாம்புக்கு அது கேடு. மேல்மண்ணின் ஈரமும் உயிரும் போய்விடும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் சோகையை ஒதுக்கிப் போட்டு, வெற்று வரிசையில் தண்ணீர் பாய்ச்சி உரமிடலாம். கட்டையை ஒரு வாரத்துக்குள் தரைமட்டத்துக்குக் கீழே சீவிவிட்டு, ஒரு மாதத்துக்குள் இடைவெளிகளில் நாற்று வைத்து நிரப்பி, தழைச்சத்தைக் கால்பங்கு கூட்டிக் கொடுத்தால் மறுதாம்பு நடவுக் கரும்புக்கு ஈடாக வரும். இரண்டு மறுதாம்பு போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் நோயும் இடைவெளியும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும்.

வீட்டுமனை ஆன பிறகு

கடலூர் நகரம் மேற்கே நீண்டுகொண்டே வருகிறது. 2010-இல் ரயில் அகலப்பாதை ஆனதும் பண்ருட்டிச் சாலை நெடுகக் கரும்பு வயல்களுக்கு நடுவே மனைக் கற்கள் முளைத்தன. ஒருவர் விற்றால் அவருக்கு மட்டும் போவதில்லை. அவர் வயலுக்குள் ஓடிய வாய்க்கால் தூர்ந்தால் மேல்வயலுக்கு வடிகால் இல்லை, கீழ்வயலுக்குப் பாய்ச்சல் இல்லை. பழைய டயர் வண்டி ஏழெட்டு அடிப் பாதையில் போய்விடும். டிராக்டரும் டிரெய்லரும் திரும்பப் பன்னிரண்டு அடியாவது வேண்டும். பாதை அடைந்துவிட்டால் கரும்பைத் தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுவர வேண்டியதுதான், கூலி கட்டாது. நடுவில் மாட்டிக்கொண்ட வயல் அடுத்த ஓரிரு பருவத்தில் தானும் மனையாகிவிடுகிறது.

இந்தப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறவரும் சரி, மனை வாங்குகிறவரும் சரி, பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. சர்வே எண்ணை வைத்து, கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்தப் புலம் நன்செய்யா புன்செய்யா என்று பார்க்க வேண்டும். பக்கத்து உட்பிரிவுகளில் வாய்க்கால், வண்டிப்பாதை என்று புறம்போக்கு இருக்கிறதா, புலப்படத்தில் அது எந்தப் பக்கமாக ஓடுகிறது, எத்தனை மீட்டர் அகலம் என்றும் கவனிக்க வேண்டும். படத்தில் வாய்க்கால் இருந்து தரையில் இல்லையென்றால் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடி வரும். நன்செய்ப் புலத்தில் களிமண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அஸ்திவாரத்தை அந்தக் களியைத் தாண்டி இறக்கியாக வேண்டும். மனையைக் கோடையில் பார்க்காமல் ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது உத்தமம். முடியாவிட்டால் பக்கத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் பழைய வெள்ளத்தின் சேற்றுக் கறை எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்துகொண்டு, வீட்டின் தரைமட்டத்தை அதற்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.